விலை போகாத தேர்

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனத் துறைத்தலைவர் அவர்கள் பணித்தபோது, முல்லைத் திணை பற்றிய ஆய்வுரை ஒன்றை எழுதவே யாம் முதலில் எண்ணினோம். ஆனால், மூன்றாமாண்டு மாணவர் சிலர் எம் அறைக்கு வந்து, "ஐயா, ஆய்வுக் கட்டுரையை எல்லாரும் எழுதுவார்கள், தாங்கள் அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டனர். எம் மகிழுந்து கல்லூரி வாயிலில் உறுமிக்கொண்டு நுழையும்போது, "தமிழய்யா பந்தயத்துக்கு வந்துவிட்டார்" என்று அவர்கள் தமக்குள் நகைத்துக்கொள்வதை யாம் அறியாதவர் அல்லோம். வெள்ளை வேட்டி கட்டி வரும் நாளிலும் அவ்வண்டியில்தான் வருகிறோம். ஆதலின் நகைப்பதற்குக் காரணமும் உண்டு. அவர்கள் விருப்பத்தையே நிறைவேற்றுவது நலம் என்று துணிந்தோம். ஓர் ஆசிரியன் பந்தய வண்டி வாங்கிய கதை இளைஞர்க்கு வேடிக்கையாக இருக்கும். அதனுள் எம் தந்தையாரின் கதையும் இருப்பதால், பெரியோர்களும் பொறுத்தருள்வர் என நம்புகிறோம்.

2020ஆம் ஆண்டின் தொடக்கம். எம் தந்தையாருக்கு, எம் குடும்ப வழக்கில் அத்தாவுக்கு, அகவை எழுபத்தொன்று. இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டமையால் கிழமைக்கு இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். எம் ஊர் புதுக்கோட்டைக்குத் தெற்கே பத்துக் கல் தொலைவில் உள்ள சிற்றூர். மருத்துவமனையோ திருச்சியில். வாடகை வண்டிக்கு ஒருமுறை சென்று வர 1,800 ரூபாய். திங்களுக்கு எட்டு ஒன்பது முறை என்றால் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். பணம் ஒருபுறம் இருக்க, விடியற்காலையில் வண்டி வராத நாள்களும் இருந்தன. வாயிலில் நாற்காலியில் சால்வை போர்த்து அமர்ந்தபடி, அத்தா தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்காட்சியை இரண்டு முறை கண்ட பின்னர், சொந்த வண்டி ஒன்று வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தோம்.

எம்மிடம் இருந்தது பதினோர் ஆண்டுச் சேமிப்பாகிய 6 லட்சம் ரூபாய். வட்டிக்குக் கடன் பெறுவதில்லை என்பது எம் பாட்டனார் காலந்தொட்டு எம் குடும்பம் காத்து வரும் நெறி. எனவே, அந்த ஆறு லட்சத்துக்குள் வண்டியின் விலை, சாலை வரி, காப்பீடு அனைத்தும் அடங்க வேண்டும். எமக்கு வேண்டியதெல்லாம் அத்தா வசதியாக அமரத்தக்க ஒரு சிறிய வண்டி. அவ்வளவே.

பிப்ரவரித் திங்களின் இறுதியில் திருச்சியில் உள்ள ஒரு விற்பனை நிலையத்துக்குச் சென்றோம். எம் தொகைக்குள் அடங்கிய டியாகோ வண்டிக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்றனர். எமக்கோ எட்டு நாள் காத்திருப்பதும் அரிதாக இருந்தது. தயங்கி நின்ற எம்மை அங்கிருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, பின்புறம் ஒரு வண்டி நிற்கிறது. அதைப் பார்க்கிறீர்களா?" என்று அழைத்துச் சென்றார்.

கழுவும் இடத்துக்கு அப்பால், வேப்ப மரத்தடியில், பாதி விலகிய தார்ப்பாயின்கீழ் அது நின்றது. சிவப்பு உடல், கருப்புக் கூரை. முன்மூடியில் காற்றுப் போகத் திறப்புகள். முன்கண்ணாடியில் படிந்திருந்த புழுதியில் யாரோ ஒரு குழந்தை விரலால் பூ ஒன்றை வரைந்திருந்தது. மேலே வேப்பஞ்சருகும் காக்கை எச்சமும். உருவத்தில் டியாகோதான், ஆனால் பெயரின் பின்னே ஜே.டி.பி. என்னும் மூன்றெழுத்து சேர்ந்திருந்தது. "இது பந்தய வண்டி மாதிரி ஐயா. வந்து நாளாகிவிட்டது. விலையில் நன்றாகக் குறைத்துத் தருவோம்" என்றார் இளைஞர்.

வந்து எத்தனை நாளாயிற்று என்று யாம் கேட்டதற்கு அவர் விடை கூறவில்லை. பின்னர்ச் சிறுகச் சிறுக அறிந்தோம். 2018 நவம்பரில் வந்தபோது அது காட்சிக்கூடத்தின் நடுவில், விளக்கொளியில், மாலையிட்டு நிறுத்தப்பட்டிருந்ததாம். ஆறு திங்கள் கழித்துச் சுவரோரம் நகர்ந்தது. அடுத்து வெளி வாசலுக்கு வந்தது. இறுதியாக வேப்ப மரத்தடியை அடைந்தது. பதினைந்து திங்களில் அது நகர்ந்த தொலைவு ஐம்பது அடி இருக்கலாம்.

இவ்வண்டியின் பிறப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கோயம்புத்தூரின் ஜேயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸ் நிறுவனமும் 2017இல் கூட்டாகத் தொடங்கிய முயற்சியின் பயன் அது. எல்லாரும் வாங்கும் சிறு வண்டியை எடுத்து, அதற்குப் பந்தய வண்டியின் ஆற்றலை ஊட்டி, நடுத்தர மக்களும் வாங்கத்தக்க விலையில் தருவது அவர்தம் நோக்கம். டியாகோவின் வழக்கமான பெட்ரோல் இயந்திரம் 85 குதிரைத் திறன் உடையது. இதிலோ 1.2 லிட்டர் இயந்திரத்துடன் டர்போ என்னும் காற்றழுத்தியைச் சேர்த்து 114 குதிரைத் திறன் ஆக்கியிருந்தனர். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து நொடிக்குள் எட்டும் என்பது நிறுவனத்தார் கூற்று. உடலைத் தரையை நோக்கி 4 மில்லிமீட்டர் தாழ்த்தி, அகன்ற சக்கரங்களைப் பூட்டி, புகைபோக்கியின் ஒலியையும் சீர்ப்படுத்தியிருந்தனர். அறிமுக விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்.

கோவைக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு நெடியது. மாருதி வண்டியின் இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய ஊர்தி அமைத்து, இந்நாட்டின் இளைஞர் பலருக்கு அவ்விளையாட்டின் வாயிலைத் திறந்தவர் கோவையின் கரிவரதன். 1995இல் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியாவின் முதல் ஓட்டுநராகக் களம் இறங்கிய நரேன் கார்த்திகேயனும் கோவை தந்த மைந்தரே. அத்தகைய ஊரின் கைத்திறன், திருச்சியில் ஒரு வேப்ப மரத்தடியில் வாங்குவாரின்றி நின்றது.

ஏன் விற்கவில்லை? இளைஞரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "சின்ன வண்டி வாங்க வருபவர்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேகம் வேண்டும் என்பவர்கள் பெரிய வண்டியைத்தான் பார்க்கிறார்கள் ஐயா" என்றார். அவர் கூறியது உண்மை. வண்டியில் குறை இருந்ததால் அது நிற்கவில்லை. இரு கூட்டத்தார்க்கு நடுவே பிறந்துவிட்டது. அதனுடன் காலமும் ஒத்துழைக்கவில்லை. 2019இல் நாடெங்கும் வாகன விற்பனை பெருஞ்சரிவு கண்டது.

இன்னொரு தடையும் இருந்தது. பாரத் ஸ்டேஜ் 4 என்னும் பழைய புகை விதியின்படி செய்யப்பட்ட வண்டி எதுவும் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ படலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 24 அன்று தீர்ப்பளித்திருந்தது. எம் வண்டி வகை சந்தைக்கு வந்ததோ அக்டோபர் 26. அதாவது, இறுதி நாள் எழுதப்பட்ட இரண்டாம் நாளில் அது பிறந்தது. யாம் அதனைக் கண்ட போது எஞ்சியிருந்தது ஒரு திங்களே. அதன் பின்னர் அவ்வண்டி சட்டப்படி இரும்புக் குவியல்தான். விலையில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் குறைக்க நிலையத்தார் முன்வந்ததன் காரணம் இதுவே. 5 லட்சத்து 19 ஆயிரம், சாலை வரி நூற்றுக்குப் பத்து, காப்பீடு. கூட்டிப் பார்த்தோம். ஆறு லட்சத்துக்குள் அடங்கியது.

உடனே பணம் கட்ட எம் மனம் விழைந்தது. ஆயினும் வீட்டுக்கு வந்து அத்தாவிடம் கூறினோம். பந்தய வண்டி என்றதும் அவர் நகைப்பார் என்றிருந்தோம். அவரோ, "எத்தனை நாளாத் தேங்குன சரக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவின் ஆழம் எமக்குத் தெரியும். அத்தா எம் ஊர்க் கடைவீதியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் துணிக்கடை நடத்தியவர். விற்காத துணிகளுக்கென்று கடையின் உட்பகுதியில் ஒரு மர அலமாரி இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் கடையைத் திறந்ததும், அத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து, இடையிடையே காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வைப்பார். சிறுவனாகிய யாம் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஒரே மடிப்புல கெடந்தா மடிப்புலயே இத்துப்போகும் தம்பி" என்பார். பெருநாள் நெருங்கும்போது எளிய மக்கள் குறைந்த விலையில் துணி கேட்டு வருவர். அப்போது அத்தா அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார். தருமுன் துணியை விரித்து, உள்மடிப்பை வெளிச்சத்தில் காட்டி, "இது மூணு வருசச் சரக்கு. இந்த எடத்துல நெறம் மங்கியிருக்கு. பாத்துக்கிட்டு வாங்குங்க" என்று சொல்வார். சிலர் வாங்காமல் போனதும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேலி செய்வார். சந்தையில் தானியக் குவியலுள் கை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, வணிகரைக் கடிந்துகொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியை அத்தா மறுமொழியாகச் சொல்வார். அதற்குமேல் ஒன்றும் பேசமாட்டார்.

அடுத்த சனிக்கிழமை, டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் வழியில், அத்தாவும் எம்முடன் விற்பனை நிலையத்துக்கு வந்தார். வர வேண்டா என்று தடுத்தோம், கேட்கவில்லை. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தனர். "மேல் மடிப்பு நல்லாருக்கு. உள்ள காட்டச் சொல்லு" என்றார் எம்மிடம்.

யாம் அதற்குள் ஓரளவு கற்றுக்கொண்டு சென்றிருந்தோம். அடிச்சட்ட எண்ணில் வண்டி செய்யப்பட்ட ஆண்டை ஓர் எழுத்தால் குறிப்பர். ஜே என்றால் 2018. கே என்றால் 2019. ஒன்று, சுழி ஆகிய எண்களோடு மயங்கும் என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகளை அவ்வெண்ணில் வழங்குவதில்லை. ககரத்தை ஒன்றாகவும் உகரத்தை இரண்டாகவும் எழுதிய மரபில் வந்த எமக்கு இக்கணக்கு எளிதாகவே இருந்தது. எம் வண்டியின் எழுத்து ஜே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். அங்கும் 18 என்றே இருந்தது. நெடுநாள் ஓரிடத்தில் நின்ற வண்டியின் டயர், தரை தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். பேட்டரி தானே வற்றிப்போகும். தொட்டியில் கிடந்த பெட்ரோல் கெடும். பிரேக் தட்டு துருவேறும். இவையெல்லாம் ஓடிக் கெட்டவை அல்ல, நின்று கெட்டவை.

முன்மூடியைத் திறந்தனர். அத்தா எழுந்து, எம் தோளைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இயந்திரத்தின் ஓரத்தில் வைக்கோலும் துணிக்கிழிசலும் கிடந்தன. எலி குடியிருந்த இடம். அருகில் இரண்டு மின்கம்பிகளின் உறை கொறிக்கப்பட்டிருந்தது. அத்தா இளைஞரைத் திரும்பிப் பார்த்து, "இது ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். குரலில் சினம் இல்லை.

இளைஞர் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு உள்ளதைச் சொன்னார். எலி கடித்தது தெரியும். பேட்டரி இரண்டு முறை அடியோடு வற்றியது. வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிர்ப்பித்தனர். வலப்புறக் கதவில் உரசல் விழுந்து மீண்டும் வண்ணம் பூசப்பட்டிருந்தது. வாங்குபவரே கேட்டால் அன்றி எதையும் சொல்ல வேண்டா என்பது மேலாளரின் கட்டளை. "நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சினார். அத்தா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஒன் பேரு வராது. கொறை கண்ணுக்குத் தெரியுது, அதை நான் பாத்ததாச் சொல்லிக்கிறேன்" என்றார்.

மேலாளரிடம் அத்தாவே பேசினார். புதிய பேட்டரி, புதிய டயர் நான்கு, முழு மின்கம்பித் தொகுதி, எண்ணெய்கள் அனைத்தும் மாற்றம். உற்பத்தித் திங்களும் கதவில் வண்ணம் பூசிய செய்தியும் விற்பனைச் சீட்டில் எழுத்தில் இருத்தல். மார்ச்சு 31க்குள் நிலையான பதிவு, இன்றேல் முழுப்பணமும் திரும்பத் தருதல். இவை அவர் கேட்டவை. விலையில் மேற்கொண்டு ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லவில்லை. வெளியே வந்ததும், ஏன் கேட்கவில்லை என்று வினவினோம். "அவனும் நட்டத்துலதான் விக்கிறான்" என்றார்.

மார்ச்சு 6 அன்று பணம் கட்டினோம். அதன் பின் வந்த இரண்டு வாரங்கள் எம் வாழ்வில் மறக்க இயலாதவை. கம்பித் தொகுதி வரவில்லை என்றனர். வந்தது, படிவம் வரவில்லை என்றனர். தற்காலிகப் பதிவோடு எடுத்துச் செல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். யாம் இசையவில்லை. நோய்த்தொற்றுப் பற்றிய செய்திகள் நாள்தோறும் பெருகின. கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்தனர். அலுவலகங்களும் மூடப்பட்டால், பதினோர் ஆண்டுச் சேமிப்பு வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிடும். அந்நாள்களில் யாம் இரவில் உறங்கியது குறைவு. துணைவியார் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எம்மை மேலும் வருத்தியது. மார்ச்சு 19, வியாழக்கிழமை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு முடிந்து எண் கிடைத்தது. மறுநாள் வண்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிறு அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச்சு 25 முதல் நாடே அடைபட்டது.

அதன் பின் நிகழ்ந்தவற்றைச் செய்தித்தாள்களில் படித்தோம். விற்காத பழைய விதி வண்டிகளில் பத்தில் ஒரு பங்கை, ஊரடங்கு முடிந்தபின் பத்து நாளுக்குள் விற்கலாம் என்று மார்ச்சு 27 அன்று உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. அச்சலுகை மீறப்பட்டது கண்டு ஜூலை 8 அன்று அதனைத் திரும்பப் பெற்றது. ஊரடங்குக்கு முன் விற்று அரசின் இணையப் பதிவேட்டில் ஏறிய வண்டிகளை மட்டும், தலைநகர் தில்லி வட்டாரம் நீங்கலாக, பதிவு செய்யலாம் என்று ஆகஸ்டு 13 அன்று கூறியது. பணம் கொடுத்து வாங்கியும் பதிவு கிட்டாதவர் எத்துணைத் திங்கள் கலங்கியிருப்பர் என்பதை எம்மால் உணர முடிந்தது. அத்தா எழுத்தில் கேட்டு வாங்கிய அந்த ஒரு வரி எம்மைக் காத்தது.

இனி, வண்டி ஓடிய கதை. எம் எம்.ஃபில். ஆய்வு முல்லைப் பாடல்களில் வரும் தேர் பற்றியது. வினை முடித்து மீளும் தலைவன், விரைந்து செலுத்துக எனப் பாகனை ஏவுவது அப்பாடல்களின் மரபு. அகநானூற்றில் ஒரு தலைவனோ, மலரில் துணையோடு தேனருந்தும் வண்டுகள் அஞ்சும் என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருவான். பத்து நொடியில் நூறைத் தொடவல்ல எம் தேரும் நாக் கட்டப்பட்டே ஓடியது. டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போய் அத்தா பின்னிருக்கையில் உறங்குவார். இயந்திரம் உறுமினால் அவர் விழித்துக்கொள்வார் என்பதற்காக, ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் செல்வதில்லை. மாட்டு வண்டியை முந்தும்போதுகூட மெல்லவே முந்தினோம். வண்டியின் பிடிப்பு இறுகியது. குண்டும் குழியும் நேரே இடுப்பில் தெரியும். ஆதலின் ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்றே ஏறி இறங்கினோம்.

ஒரே ஓர் இரவு அந்நாவை அவிழ்க்க நேர்ந்தது. 2020 ஏப்ரல், ரமலான் பிறைக்குச் சில நாள்கள் முன்பு. மருத்துவமனையில் முறை ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. நள்ளிரவில் அத்தாவுக்கு மூச்சுத் திணறியது. உடலில் நீர் தேங்கி நெஞ்சை அடைத்திருந்தது. படுக்க முடியாமல் எழுந்து அமர்ந்து வாயால் மூச்சு வாங்கினார். அவசர ஊர்தி வெளியூர் சென்றிருப்பதாகக் கூறினர். அத்தாவைத் தூக்கி வண்டியில் அமர்த்தினோம். துணைவியார் பின்னிருக்கையில் அவரை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். புதுக்கோட்டையைத் தாண்டியதும் சாலையில் ஓர் உயிரும் இல்லை. காவலர் ஒருவர் மறித்தார். மருத்துவக் குறிப்பேட்டைக் காட்டியதும் தடுப்பை அவரே விலக்கினார். அதன் பின் யாம் வண்டியை அது செய்யப்பட்ட முறையில் ஓட்டினோம். கீரனூரைக் கடந்ததை எம் கண் கண்டது, மனம் காணவில்லை. ஒன்றரை மணி நேர வழியை நாற்பத்தைந்து மணித்துளியில் கடந்து மருத்துவமனை வாயிலில் நின்றபோது, எம் கைகள் ஸ்டியரிங்கைவிட்டு வர மறுத்தன. இன்னும் சிறிது பொழுது தாழ்த்திருந்தால் அரிது என்றார் மருத்துவர்.

மறுநாள் மாலை அத்தா கண்விழித்துப் பேசினார். வண்டியைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தோம். "ஏன்டா தம்பி, அந்த வேகத்தடையில கொஞ்சம் நின்னு ஏறியிருக்கக் கூடாதா? இடுப்பு போயிருச்சு" என்றார். துணைவியார் சிரித்தார்; சிரித்துக்கொண்டே அழுதார்.

அதன் பின்னர் இரண்டாண்டு ஐந்து திங்கள் அத்தா எம்மோடு இருந்தார். 2022 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய சால்வை இன்றும் பின்னிருக்கையில் மடித்து வைக்கப்பட்டுள்ளது. துணைவியார் அவ்வப்போது அதன் மடிப்பை மாற்றி வைக்கிறார்.

இத்தகைய வண்டியை எல்லாரும் வாங்குக என்று யாம் கூற வரவில்லை. 2020இல் புதிய விதியோடு இவ்வகையே நின்றுபோயிற்று. இதற்கென்றே செய்த உறுப்புகள் கிடைப்பது கடினம். முன் தடுப்பின் ஒரு பகுதி உடைந்தபோது மாற்று உறுப்புக்கு நான்கு திங்கள் காத்திருந்தோம். பெட்ரோலும் கூடுதலாகவே குடிக்கிறது. விலை குறைவு என்பதற்காக மட்டும் தேங்கிய பொருளை வாங்குபவர், அக்குறைந்த விலையைப் பின்னாளில் தவணை தவணையாகக் கட்டி முடிப்பர். எப்போது செய்தது, எங்கே நின்றது, நின்ற காலத்தில் என்ன நேர்ந்தது, இனி உறுப்புக் கிடைக்குமா, சட்டம் இடங்கொடுக்குமா என்னும் ஐந்தையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்ற பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும்.

ஆயினும், வாங்குவார் இல்லை என்பதாலேயே ஒரு பொருள் தாழ்ந்தது ஆகிவிடாது என்பதையும் இவ்வண்டி எமக்குக் கற்பித்தது. இதனை எம் மாணவர்க்குச் சொல்லும் கடமை எமக்கு உண்டு. ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் எம் துறையின் வாயிலில் நிற்கிறோம். வணிகவியலும் கணினியும் முதல் வாரத்திலேயே நிறைந்துவிடும். தமிழ் இலக்கிய வகுப்பின் இடங்கள் இறுதி நாள்வரை காத்திருக்கும். வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகள், தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவர். யாமும் 1997இல் அவ்வாறு வந்தவரே. வணிகவியல் கேட்டுக் கிட்டாமல், கடைசி நாளில் தமிழில் சேர்ந்து, சேர்க்கைச் சீட்டோடு கடைக்குச் சென்றோம். மிஞ்சிய இடம்தான் கிடைத்தது என்று அத்தாவிடம் கூறி நின்றோம். அவர் அப்போது அலமாரித் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "மிஞ்சுன சரக்குன்னு நீயே சொன்னா வாங்க வர்றவன் என்ன சொல்லுவான்? முனையைப் பிடி" என்றார். அதன் பொருளை அன்று யாம் உணரவில்லை. துணியின் முனையைப் பிடித்தோம்.

இவ்வாண்டு முதலாமாண்டில் சேர்ந்த ஒரு மாணவர், தம் நண்பர்களிடம் துறையின் பெயரைச் சொல்ல நாணுவதாகக் கூறினார். யாம் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையம்வரை சென்றோம். வழியில் இக்கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "ஐயா, நூறு வேகத்தில் ஒருமுறை போய்க் காட்டுங்களேன்" என்று கேட்டார். காட்டவில்லை. ஆனால், நின்றே இருந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். நாள்தோறும் பிரித்துப் படித்துக்கொண்டிரு என்று மட்டும் கூறினோம்.

அண்மையில் கோவையிலிருந்து ஓர் இளைஞர் எம்மைத் தேடி வந்தார். இவ்வகை வண்டி இப்போது அரிதாகிவிட்டதாம். நல்ல விலை தருவதாகச் சொன்னார். விற்பதா என்று யாம் இன்னும் முடிவு செய்யவில்லை. எம் மகள் ஓட்டுநர் உரிமத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவள் விருப்பத்தையும் கேட்க வேண்டும். எனினும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. முன்மூடியைத் திறந்து, எலி கடித்துப் புதுக்கிய கம்பிகளைக் காட்டினோம். வலக்கதவில் வண்ணம் பூசிய இடத்தையும், முன் தடுப்பில் ஒட்டுப்போட்ட இடத்தையும் வெளிச்சத்தில் காட்டினோம். அவர் வியப்போடு, "விற்பவர் யாரும் இப்படிக் காட்டுவதில்லையே ஐயா" என்றார்.

எம் வீட்டில் அதுதான் வழக்கம் என்று கூறினோம்.